மார்கழி வந்தால் சைக்கிள் ஏன் நிற்க வேண்டும்?

மார்கழி பிறந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் எங்கள் காலைக் கோஷ்டியில் மூன்று பேர் சைக்கிளை ஏறக்கட்டிவிட்டார்கள். ஒருவர், "பொங்கல் கழியட்டும், பார்க்கலாம் சார்" என்கிறார். இன்னொருவரை மகன் தடுத்துவிட்டானாம். மூன்றாமவர் காரணமே சொல்லவில்லை. சைக்கிளைத் தாழ்வாரத்துச் சுவரில் சாத்தி, மேலே ஒரு பழைய கம்பளியைப் போட்டு மூடிவிட்டார். சைக்கிளுக்குக் குளிராது, கம்பளியை அவர் போர்த்திக்கொண்டு வந்திருக்கலாம்.

மூவரும் போன மாதம்தான் என்னோடு வரிசையில் நின்று ஆயுள் சான்று கொடுத்தவர்கள். உயிரோடு இருக்கிறோம் என்று சர்க்காருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே ஆளுக்கொரு சன்னலோரம் உட்கார்ந்துவிட்டார்கள்.

என் அபிப்பிராயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். புதுச்சேரிக் குளிர், ஓரளவு திடகாத்திரமாக உள்ள கிழவனைச் சைக்கிளிலிருந்து இறக்கும் குளிர் அல்ல. நம்மை இறக்குவது இரண்டு விஷயங்கள். ஒன்று, குளிர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தப்பான இடத்தில் துணியைச் சுற்றிக்கொள்வது. இரண்டாவது, வீட்டாரின் பயம். முதலாவதற்கு வழி சொல்கிறேன். இரண்டாவதற்கும் கடைசியில் ஒரு வார்த்தை உண்டு.

"இரண்டு மாதம் ஓட்டாமல் இருந்தால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முப்பது வயதில் ஒன்றும் குறையாது. எழுபதில் குறையும். இந்த வயதில் தொடைச் சதை உபயோகிக்காவிட்டால் வெகு சீக்கிரம் கரைந்துவிடுகிறது, திரும்ப வருவதற்கோ பல மாதம் பிடிக்கிறது. சமநிலையும் அப்படித்தான். என் அலுவலகத்தில் என்னோடு எல்.டி.சி.யாகச் சேர்ந்து, சைக்கிள் அட்வான்ஸ் வாங்கி வண்டி எடுத்தவர்கள் ஏழெட்டுப் பேர். இன்று ஓட்டுகிறவர்கள் இருவர். மற்றவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு மழைக்கோ பனிக்கோ "கொஞ்ச நாள்" நிறுத்தியவர்கள். டயரில் காற்று இறங்கியது, செயின் துருப் பிடித்தது, பிறகு காயலான் கடைக்காரன் வந்தான். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். நிறுத்திய சைக்கிளுக்கு மட்டும் பிறப்பதில்லை. அதன் பிறகு பாங்குக்குப் போகவும் மருந்துக் கடைக்குப் போகவும் அடுத்தவர் சௌகரியம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். நான் சொல்ல வருவது உடற்பயிற்சியைப் பற்றி மட்டும் அல்ல, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வதைப் பற்றியும்தான்.

இனி குளிருக்கு வருவோம். நம் ஊரில் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் வெப்பமானி பெரும்பாலும் 20, 21 டிகிரியைக் காட்டும். என் மகள் பாரிசுக்கு வடக்கே, சார்செல் பக்கம் இருக்கிறாள். அங்கே சனவரியில் பகலிலேயே 7, 8 டிகிரிதான். இரவில் 3 டிகிரிக்கு இறங்கும். அந்தக் குளிரிலும் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள். 2007 சூலையில் பாரிஸ் நகரசபை 'வெலிப்' என்ற வாடகைச் சைக்கிளைக் கொண்டுவந்த பிறகு, கோட்டும் டையுமாக மிதித்துப் போகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பின்லாந்தில் ஊலு என்று ஓர் ஊர் உண்டு. பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பதினைந்து டிகிரியிலும் உறைபனிமேல் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள்.

இதைச் சொல்லி உங்களைக் கேலி செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. வருஷத்தில் பத்து மாதம் வெயிலில் வெந்த உடம்புக்கு 20 டிகிரி குளிரத்தான் செய்யும். ஊலுக்காரனை மே மாதம் நேரு வீதியில் கொண்டுவந்து நிறுத்தினால் மயங்கி விழுவான். உடம்பு பழகியது எதுவோ அதுதான் கணக்கு. ஆனால் அவர்கள் குளிரைச் சமாளிக்கும் முறையிலிருந்து நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் பௌதிகப் பாடம் நடத்திய ஆசிரியர், சூடு ஒரு பொருளைவிட்டு ஓடும் வழிகள் நான்கு என்பார்: தொட்ட பொருள் வழியாக, வீசும் காற்று வழியாக, கதிராக, ஆவியாக. சைக்கிள்காரனைப் படுத்துபவை முக்கியமாக இரண்டு. காற்றும் ஆவியும். அதாவது வேகமும் வியர்வையும்.

வேகத்தைப் பாருங்கள். இலை அசையாத காலையில்கூட நீங்கள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால், 15 கிலோமீட்டர் வேகக் காற்று உங்கள் நெஞ்சில் அடிக்கிறது என்று பொருள். உடம்பைச் சுற்றி, சட்டைக்குள் தங்கியிருக்கும் கதகதப்பான காற்றை அது வாரிக்கொண்டு போய்விடுகிறது. 1940-களின் தொடக்கத்தில் அண்டார்க்டிக்காவில் சைப்பிள், பாசெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஓர் உருளையில் தண்ணீரை ஊற்றிக் காற்றில் வைத்து, எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று அளந்து பார்த்தார்கள். காற்றுக் குளிர்ச்சி என்ற கணக்கு அங்கிருந்து தொடங்கியது. இன்றைய கணக்குப்படி 5 டிகிரிக் குளிரில் 20 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால் தோலுக்கு அது ஏறக்குறைய 1 டிகிரி போலத் தெரியும். இந்தக் கணக்கு 10 டிகிரிக்குக் கீழே உள்ள ஊர்களுக்காகப் போட்டது. நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் நடக்கும்போது தெரியாத குளிர் சைக்கிளில் ஏறியதும் ஏன் தெரிகிறது என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது.

அடுத்தது வியர்வை. சைக்கிள் மிதிப்பவன் ஓர் அடுப்பு. உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி முக்கால் பங்கும் சூடாகத்தான் மாறுகிறது. ஆகவே கிளம்பிப் பத்து நிமிடத்தில் யாருக்கும் உடம்பு காய்ந்துவிடும். நம்மவர்கள் வீட்டு வாசலிலேயே கதகதப்பாக இருக்க வேண்டும் என்று ஸ்வெட்டருக்கு மேல் சால்வை சுற்றிக் கிளம்புகிறார்கள். பாதி வழியில் பனியன் நனைகிறது. டீக்கடையில் இறங்கிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டு நிற்கும்போது, ஈரம் ஆவியாகி உடம்பின் சூட்டை இழுக்கிறது. அப்போதுதான் நடுக்கம் வருகிறது. வீட்டுக்கு வந்து, "பனி ஒத்துக்கவில்லை" என்கிறோம். பனி என்ன செய்யும்? மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் நனைந்த பனியன் குளிர்வதும் ஒரே தத்துவம்தான்.

இதைப் புரிந்துகொள்ள நம் ஊரிலேயே நல்ல இடம் கோரிமேடு. டவுனிலிருந்து நாலைந்து கிலோமீட்டர். போகும்போது மேடு ஏறுகிறோம். வேகம் குறைவு, உழைப்பு அதிகம், வியர்வை. திரும்பும்போது இறக்கம், உழைப்பு இல்லை, வேகம் அதிகம், காற்று. நனைந்த உடம்போடு காற்றில் இறங்குகிறோம். ஜிப்மர் பக்கம் டீ குடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும். ஏறுமுகத்தில் மேல் பொத்தான்களைத் திறந்துவிட வேண்டும். மேலே போய்ச் சேர்ந்ததும் முதுகைத் துடைத்துக்கொண்டு, இறங்கும் முன்பே பொத்தான்களைப் போட்டுவிட வேண்டும். குளிரத் தொடங்கியபின் மூடினால் பிரயோசனம் குறைவு.

சிறு வயதில் எங்களுக்குத் தூர் த பிரான்சு பந்தயம் என்றால் உயிர். படம் போட்ட பழைய பிரெஞ்சுப் பத்திரிகை கிடைத்தால் கை மாறிக் கை மாறிக் கிழிந்துபோகும். அந்தப் பந்தயக்காரர்கள் மலையுச்சியில் என்ன செய்வார்கள் தெரியுமா? வேடிக்கை பார்ப்பவர்களிடம் செய்தித்தாளை வாங்கி, மடித்து, சட்டைக்குள் நெஞ்சுப் பக்கம் செருகிக்கொண்டு இறங்குவார்கள். காகிதம் காற்றைத் தடுக்கும், வியர்வையையும் கொஞ்சம் உறிஞ்சும். காலணாச் செலவில்லை. நேற்றைய தினசரியில் இரண்டு தாள் போதும். படித்தால் மனம் கொதிக்கும், மார்பில் வைத்தால் இதமாக இருக்கும்.

நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். உள்ளே, பேரப்பிள்ளைகள் விளையாடப் போடுகிறார்களே, அந்த மாதிரி மெல்லிய டீ ஷர்ட் ஒன்று. பருத்தி பனியன் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். இது சீக்கிரம் காய்ந்துவிடும். அதன்மேல் நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டு. இன்னும் குளிர்ந்தால் ஸ்வெட்டர்; ஆனால் சட்டைக்கு உள்ளே. மார்கழி பிறந்ததும் நடைபாதையில் விற்கிறார்களே, அந்த ஸ்வெட்டர்களில் நூற்றுக்கணக்கான துளைகள். வெளியே போட்டால் காற்று அத்தனை துளையிலும் நுழைந்து போகும். உள்ளே போட்டு மேலே சட்டையை மாட்டினால் அதே துளைகளில் சூடான காற்று தங்கும். கம்பளி என்பதே அடைபட்ட காற்றுதான். விண்ட்சீட்டர் இருப்பவர்கள் சட்டைக்குப் பதில் அதைப் போடலாம். பிறகு ஹேண்டில்பாரில் தொங்கும் மஞ்சள் பையில் ஒரு துண்டும் காய்ந்த பனியனும். டீக்கடையில் கூச்சப்படாமல் பனியனை மாற்றிக்கொண்டால் நடுக்கத்தில் பாதி போய்விடும்.

கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். பாரிசில் சைக்கிள்காரர்கள் எல்லாரும் சொல்வது இதைத்தான். வாசலில் இதமாக இருந்தால் அதிகமாகப் போட்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

போகும் திசையையும் பார்க்க வேண்டும். இந்த மாதங்களில் காற்று வடக்கும் வடகிழக்குமாக அடிக்கிறது. நம் முன்னோர் அதற்கு வாடை என்று பெயரே வைத்திருக்கிறார்கள். வாடையை எதிர்த்துப் போய், வாடையோடு திரும்புங்கள். முத்தியால்பேட்டை வழியாகக் காலாப்பட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு இது தானாக அமைந்துவிடும். காற்று 10 கிலோமீட்டர், நாம் 15 கிலோமீட்டர் என்றால், போகும்போது நெஞ்சில் 25. திரும்பும்போது வெறும் 5. உடம்பு காய்ந்து, வியர்க்காமல் இருக்கும் நேரத்தில் 25-ஐ வாங்கிக்கொள்வது நல்லது. வியர்த்து நனைந்த நேரத்தில் 5 இருந்தால் போதும். தெற்கே அரியாங்குப்பம் பக்கம் போகிறவர்களுக்கு இது தலைகீழ். அவர்கள் காய்ந்த பனியனை மறக்கக் கூடாது.

தலை விஷயத்தில் நம் ஊரில் நம்பிக்கைகள் அதிகம். தலைவழியாகத்தான் முக்கால்வாசிச் சூடு போகிறது என்பார்கள். தலை என்பது உடம்பின் மேற்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சூடும் ஏறத்தாழ அந்தப் பங்குதான் போகிறது. உச்சந்தலையில் பனி இறங்கிச் சளி பிடிப்பதும் இல்லை. சளி கிருமியால் வருவது. ஆனால் காது நிஜமாகவே நோகும். அதில் சதையும் இல்லை, கொழுப்பும் இல்லை. மெல்லிய துணியால் காதை மூடுவது நல்லது. கனத்த குரங்குக் குல்லாய் வேண்டாம் என்பது என் கட்சி. பின்னால் வரும் பஸ்ஸின் ஆரன் கேட்காது, பக்கவாட்டில் பார்வையும் மறையும்.

மப்ளர்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. 1927 செப்டம்பரில் பிரான்சின் நீஸ் நகரத்தில் இசடோரா டங்கன் என்ற புகழ்பெற்ற நாட்டியக்காரி திறந்த காரில் போகும்போது, கழுத்தில் இருந்த நீண்ட சால்வை பின் சக்கரத்தில் சிக்கி அந்த இடத்திலேயே இறந்துபோனாள். சைக்கிளில் சக்கரம் அதைவிடக் கிட்டே சுற்றுகிறது. மப்ளர் சுற்றினால் இரு நுனியையும் சட்டைக்குள் செருகுங்கள். சால்வை, மேல்துண்டு வேண்டவே வேண்டாம். நம் வீட்டுப் பெண்களின் துப்பட்டாவுக்கும் இது பொருந்தும்.

கையும் காலும் அடுத்தது. உடம்பு குளிர்ந்தால் ரத்தத்தை நடுவே காப்பாற்றிக்கொண்டு, விரல் நுனிகளுக்குக் கொடுப்பதைக் குறைக்கிறது. ஆகவே நெஞ்சு கதகதப்பாக இருந்தால் விரலும் கொஞ்சம் தப்பிக்கும். பிரேக் கம்பி இரும்பு; தொட்டால் சில்லென்று இழுக்கும். பழைய சாக்ஸின் நுனியை வெட்டிக் கையில் மாட்டிக்கொண்டாலும் போதும், பிரேக் பிடிக்க விரல் மடங்க வேண்டும், அவ்வளவுதான். காலுக்குச் செருப்பைவிட ஷூ. சாக்ஸ் ஒரு ஜோடி தளர்வாக. இரண்டு ஜோடி இறுக்கிப் போட்டால் ரத்தம் ஓடாமல் இன்னும் விறைக்கும். முழங்கால் முக்கியம். அங்கே எலும்பும் தோலும்தான், அதுதான் முன்னால் நின்று காற்றை வாங்குகிறது. அரைக்கால் சட்டையில் ஓட்டுவது பையன்களுக்கு அழகு. நமக்கு முழுக்கால் சட்டைதான் மருந்து.

நம் ஊரில் இருந்துகொண்டு இந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. "ரெண்டு ரவுண்டு உள்ளே போனால் குளிர் தெரியாது" என்று சொல்லும் சொல்தா நண்பர்கள் எனக்கும் உண்டு. அவர்கள் சொல்வது உண்மைதான், குளிர் *தெரியாது*. சாராயம் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருக்க வேண்டிய சூடு தோலுக்கு வந்து வெளியே போகிறது. உடம்பு சுடுவது போல இருக்கும், உண்மையில் குளிர்ந்துகொண்டிருக்கும். போதாததற்கு ஹேண்டில்பாரும் ஆடும். சுக்குக் காப்பி ஒரு தம்ளர் அதைவிட மேல்.

வயதானவர்களுக்கு உண்மையான ஆபத்துகளும் இருக்கின்றன. அதை மறைத்துப் பேசினால் என் வாதம் வாதமாகாது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்பக் கூடாது. சர்க்கரைக்காரர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைவு. விறைத்தாலும் ஷூ கடித்தாலும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் விரல்களைச் சில்லிட வைக்கும். வயது ஏற ஏறக் குளிரை உணரும் சக்தியே மழுங்குகிறது. அதனால் "எனக்குக் குளிரவில்லையே" என்பதை மட்டும் நம்பக் கூடாது. கிளம்புமுன் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் கைகாலை அசைத்து, முதல் பத்து நிமிடம் மெல்ல மிதியுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து இருட்டு. சனவரியில் நம் ஊரில் சூரியன் எழ 6.30 ஆகிறது. பழக்கதோஷத்தில் 5 மணிக்குக் கிளம்புகிறோம். உடம்பில் காப்பிக் கொட்டை நிறத்தில் ஸ்வெட்டர், சாம்பல் நிறத்தில் சால்வை, கறுப்புக் குல்லாய். மூடுபனியில் லாரிக்காரன் கண்ணுக்கு நாம் இல்லவே இல்லை. அந்தக் காலத்தில் டைனமோ விளக்கு இல்லாமல் வந்தால் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் நிறுத்துவார். இப்போது நிறுத்த ஆளில்லை. நாமே நம்மை நிறுத்திக்கொள்ள வேண்டும். வெளுத்த சட்டை, முன்னால் ஒரு விளக்கு, பின்னால் ஒரு சிவப்பு விளக்கு. அதைவிட எளிய வழி, ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் கிளம்புவது. வெளிச்சமும் கிடைக்கும், வெயிலும் சேர்ந்து வரும். ஓய்வு பெற்றவனுக்கு அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்தர் கிடையாது.

வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. "அப்பா, குளிர்ல எதுக்குப்பா சைக்கிள்?" என்று நீங்கள் கேட்பது அன்பினால்தான், தெரியும். ஆனால் அப்பாவைத் தடுப்பதற்குப் பதில் ஒரு விண்ட்சீட்டரும் பின்விளக்கும் வாங்கிக் கொடுங்கள். போகும் வழியையும் வரும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். அவர் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு. சைக்கிளைப் பூட்டிச் சாவியை எடுத்து வைப்பது மட்டும் வேண்டாம்.

நமக்காவது இது இஷ்டம். அந்த இருட்டில் இஷ்டப்பட்டு வராதவர்களும் சைக்கிளில்தான் வருகிறார்கள். பேப்பர் போடும் பையன், பால் பாக்கெட் கொண்டுவருகிறவர், பூக்கூடையைப் பின்னால் கட்டி வருகிறவர். அவர்களால் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வர முடியாது. எங்கள் தெருவுக்கு வரும் பையன் அரைக்கைச் சட்டையில் வருகிறான். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்த நாம், பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கும் பழைய ஸ்வெட்டரை எடுத்து அவனிடம் கொடுக்கலாம். "சட்டைக்கு உள்ளே போடு தம்பி" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். முழுக்கைச் சட்டையும் ஒன்று சேர்த்துக் கொடுத்தால் உத்தமம்.

குளிர் மார்கழியோடு முடிந்துவிடாது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது நம் பழமொழி. பிரெஞ்சிலும் ஒரு பழமொழி உண்டு: ஏப்ரலில் ஒரு நூலைக்கூடக் கழற்றாதே என்று. குளிர் போய்விட்டது என்று நினைக்கும் நேரத்தில்தான் அசந்துபோவோம் என்பதில் இரண்டு சனங்களும் ஒத்துப்போகிறார்கள். ஆகவே மேலே சொன்ன ஏற்பாடுகள் இன்னும் இரண்டரை மாதத்துக்கு வேண்டும்.

ஏறக்கட்டிய மூவருக்கும் இதைப் படித்துக் காட்டப்போகிறேன். நாளை முதல் ஆறே முக்காலுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. டயருக்குக் காற்று அடிக்கும் பம்ப் என் வீட்டில் இருக்கிறது; வேண்டியவர்கள் இன்று மாலையே வந்து அடித்துக்கொண்டு போகலாம்.